கூஸ்கோவோ அரண்மனை ஏன் மரத்தால் கட்டப்பட்டது, அதைக் கட்டியவர் யார்?

மாஸ்கோவின் கிழக்குப் பகுதியிலுள்ள கூஸ்கோவோ அரண்மனையின் படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கல் கட்டடம் போலவே தோன்றும் அந்த இளஞ்சிவப்பு மாளிகை மரத்தால் ஆனது என்பது உண்மையா. உண்மையென்றால், ரஷ்யாவின் பெருஞ்செல்வர்களில் ஒருவரான ஷெரெமேத்தெவ் பிரபு அதைக் கல்லில் கட்டாமல் விட்டது ஏன். வடிவமைத்தவர் பிரெஞ்சுக்காரர் என்று ஓரிடத்திலும் பண்ணையடிமை என்று இன்னோரிடத்திலும் படித்தீர்களே, அவற்றில் எது சரி. இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிய கேள்விகள். அந்த வீடு எந்தப் பயனுக்காக எழுப்பப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால், அதன் மரமும் அறைகளின் வரிசையும் அதைக் கட்டிய கைகளும் தாமாகவே தெளிவாகும் என்பது என் கருத்து. பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துப் பேணுவதில் பயிற்சி பெற்று, மரமும் சுண்ணாம்பும் கலந்த கட்டுமானங்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். ரஷ்ய ஆவணக் காப்பகங்களில் அமர்ந்து மூல ஏடுகளைப் படித்தவன் அல்லன். ஆகவே கட்டுமானம் பற்றி நான் சொல்வதை உறுதியாகவும், குடும்பத்தைப் பற்றிய கதைகளைச் சற்று எச்சரிக்கையோடும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் உரிமையாளர். கூஸ்கோவோ நிலம் பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே ஷெரெமேத்தெவ் குடும்பத்தின் வசம் இருந்தது. ரஷ்ய மன்னர் மகா பீட்டரின் தளபதியும், 1709இல் பொல்தாவா போரில் ரஷ்யப் படையை நடத்தியவர்களில் ஒருவருமான பொரீஸ் ஷெரெமேத்தெவ் அதைத் தம் உடன்பிறந்தாரிடமிருந்து 1715இல் வாங்கினார். 1706இல் பீட்டரிடமிருந்து கோமகன் பட்டம் பெற்றவரும் இவரே. இவர் 1719இல் இறந்தபோது மகன் பியோத்தர் பொரீசவிச்சுக்கு ஏறக்குறைய ஆறு வயது. இன்று நாம் காணும் எஸ்டேட் பெரும்பாலும் அந்த மகனின் படைப்பு. 1743இல் அவர் பெரும் செல்வக் குடும்பமான செர்காஸ்கி வீட்டின் ஒரே வாரிசான வர்வாராவை மணந்தார். தந்தை வழிச் சொத்தும் மனைவி வழிச் சொத்தும் ஒன்றாகச் சேர்ந்ததில், பேரரசரின் குடும்பத்துக்கு அடுத்தபடியாக எண்ணத்தக்க செல்வம் அவர் கைக்கு வந்தது. நிலங்களோடு நிலத்தில் கட்டுண்ட பண்ணையடிமைகளும் வந்தார்கள். அந்தக் குடும்பத்தின் உடைமையாக இருந்தவர்களின் தொகை லட்சத்தைத் தாண்டியது. இந்த எண்ணைப் பின்னால் கட்டியவர்களைப் பற்றிப் பேசும்போது மறக்கக் கூடாது.

பியோத்தர் கூஸ்கோவோவில் முதலில் அரண்மனை கட்டவில்லை. தோட்டத்தையும் குளத்தையும் சிறு சிறு மண்டபங்களையும்தான் முதலில் அமைத்தார். பெரிய வீடு 1769இல் தொடங்கி 1775இல் முடிந்தது. அந்தத் தொடக்க ஆண்டைக் கவனியுங்கள். பிரபுக்கள் அரசுப் பணி செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 1762இல் மூன்றாம் பீட்டரின் அறிக்கையால் நீங்கியிருந்தது. 1767இல் பியோத்தரின் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டே, திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்த மகள் ஆன்னாவைப் பெரியம்மை கொண்டுபோயிற்று. பியோத்தர் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கையும் அரசவையையும் விட்டு மாஸ்கோவுக்கு வந்துவிட்டார். வந்த மறு ஆண்டில் வேலை தொடங்கியிருக்கிறது. துயரமே அவரைக் கட்டத் தூண்டியது என்று சிலர் எழுதுவது ஊகம்; ஆனால் பதவியைத் துறந்து, ஆண்டின் கோடையை நண்பர்களுக்கு விருந்தோம்புவதில் கழிக்க விரும்பிய ஒருவரின் வீடு அது என்பதில் ஐயமில்லை. குளிர்காலத்தில் குடும்பம் அங்கே தங்குவதில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. ஆம், அது மர வீடு. தரையோடு ஒட்டிய தாழ்வான அடித்தளம் மட்டும் கட்டுக்கல் வேலை. மது வைக்கும் நிலவறைகளும் வீட்டுப் பணிக்கான இடங்களும் அதில் இருந்தன. அதன் மேல் எழும் பிரதான தளம் பைன் மரக்கட்டைகளால் ஆனது. கட்டைகளைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மூலைகளில் வெட்டிப் பொருத்தி எழுப்புவது ரஷ்யத் தச்சர்களின் தொன்மையான முறை. குடிசைக்கும் தேவாலயத்துக்கும் அதே முறைதான். அந்தச் சுவரின் மேல் பலகை அறைந்து, கல் கட்டடத்துக்குரிய விளிம்புகளையும் சாளரச் சட்டங்களையும் மரத்திலேயே செதுக்கி, மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள். முகப்பின் தூண்களும் அவற்றின் மேலிருக்கும் முக்கோண முகடும் கிரேக்கக் கோயிலை நினைவூட்டுகின்றன. முகட்டில் கோமகனின் கிரீடத்தின் கீழ் பியோத்தர் ஷெரெமேத்தெவின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இரு பக்கமும் வளைந்து ஏறும் சாய்தளங்களின் வழியே வண்டிகள் நேராக முகப்பு வாசலுக்கே வந்து நிற்க முடியும். அந்தச் சாய்தளங்களின் அடியில் மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்ஸ் சிலைகள் காவல் இருக்கின்றன.

கல்லை வாங்க இயலாதவர்கள் மரத்தை நாடினார்கள் என்று நினைப்பது இங்கே பொருந்தாது. அதே எஸ்டேட்டில் அதே பிரபு செங்கல்லிலும் கல்லிலும் பல மண்டபங்களைக் கட்டியிருக்கிறார். ஆகவே மரம் அவர் தெரிந்து எடுத்த முடிவு. காரணங்கள் பல. கல் சுவர் மாஸ்கோவின் நீண்ட குளிரை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். வசந்தத்தில் வெளிக்காற்று வெதுவெதுப்பாகும்போது அந்தக் குளிர்ந்த சுவரில் ஈரம் படியும். குளிர்காலம் முழுவதும் பூட்டிக் கிடந்து கோடையில் திறக்கும் வீட்டுக்கு இது பெரிய தொல்லை. மரச்சுவர் சீக்கிரம் வெதுவெதுப்பாகும், சீக்கிரம் உலரும். மர வீட்டில் வாழ்வதே உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கை அக்கால ரஷ்யப் பிரபுக்களிடையே பரவலாக இருந்தது. அதை வெறும் மூடநம்பிக்கை என்று நான் ஒதுக்க மாட்டேன். நல்ல மரமும் தலைமுறை தலைமுறையாகத் தச்சுவேலை அறிந்த ஆட்களும் பிரபுவின் சொந்த நிலங்களிலேயே கிடைத்தார்கள் என்பது இன்னொரு காரணம்.

இங்கே தொழில் சார்ந்த ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். கட்டை அடுக்கிய சுவர் கட்டி முடித்த உடனே அசைவற்று நின்றுவிடுவதில்லை. மரம் உலர உலர அதன் குறுக்களவு சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. கட்டைகள் கிடையாக அடுக்கப்பட்டிருப்பதால் சுவரின் உயரமே மெல்லக் குறையும்; நிமிர்த்தி நட்ட தூணோ அப்படியே நிற்கும். இந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுக்காமல் சாளரமும் கதவும் தூணும் பொருத்தினால் சுவர் பிளக்கும், முகப்பு கோணும். அத்தகைய அசைவுள்ள உடல்மேல், ஒரு கோடு பிசகினாலும் கண்ணுக்கு உறுத்தும் கிரேக்க ஒழுங்கை ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கூஸ்கோவோவில் மிகவும் வியப்பளிப்பது. வெளியே சாந்து பூசாமல் பலகை அறைந்ததும் இதே நோக்கில் அறிவுடைய செயலே. பலகை சுவரோடு சேர்ந்து நகரும், பழுதானதை மட்டும் கழற்றி மாற்றலாம். பியோத்தரின் மகன் நிக்கலாய் பின்னர் மாஸ்கோவின் வடக்கே ஒஸ்தான்கினோவில் 1792 முதல் 1798 வரை கட்டிய அரண்மனையும் மரமே; ஆனால் அங்கே வெளிச்சுவரில் சாந்து பூசியிருக்கிறார்கள். கல்லின் தோற்றம் அதில் இன்னும் நெருக்கமாக வந்தது. அதற்கான விலையைப் பின்னாளில் பழுதுபார்த்தவர்கள் கொடுத்தார்கள்.

உள்ளே போனால் அந்த வீட்டின் நோக்கம் புலப்படும். வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருப்பதால், முதல் அறையில் நிற்பவர் கண் கடைசி அறைவரை செல்லும். முன்கூடம், நெய்த திரைச்சீலைகள் தொங்கும் அறை, சிவப்புப் பட்டு போர்த்திய வரவேற்பறை, சீட்டாட்ட அறை, பில்லியர்ட்ஸ் அறை, உணவுக்கூடம், ஓவியக்கூடம் என்று விருந்தினர் ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும்படி அவை வரிசைப்பட்டிருக்கின்றன. நடுவே படுக்கையறை ஒன்று மிகுந்த ஆடம்பரத்தோடு இருக்கிறது. ஆனால் பிரெஞ்சு அரசவை வழக்கத்தைப் பின்பற்றி அமைத்த அந்த அறை காட்சிக்கானது, உறங்குவதற்கானது அன்று. நடனக்கூடத்தில் ஒரு பக்கம் தோட்டத்தைப் பார்த்த சாளரங்கள். எதிர்ப் பக்கம் அவற்றுக்கு நேராக நிலைக்கண்ணாடிகள். இருபுறமும் தோட்டம் இருப்பதாகத் தோன்றும். மாலையில் மெழுகுவத்திகளின் ஒளி பன்மடங்காகப் பெருகும். மேல்விதானத்தில் ஷெரெமேத்தெவ் குலத்தின் புகழைப் பாடும் ஓவியம். பொன் பூசிய புடைப்பு வேலைகளில் பல காகிதக் கூழால் ஆனவை. இதைக் கேட்டவுடன் போலி என்று முகம் சுளிக்கத் தோன்றலாம். ஆனால் சற்றே அசையும் மரவிதானத்தில் கனமான சாந்து வேலை விரிசல் விட்டு விழும். காகிதக் கூழ் எடை குறைந்தது, வளைந்து கொடுக்கக் கூடியது. சரியான இடத்தில் சரியான பொருளைத் தேர்ந்திருக்கிறார்கள்.

சமையற்கட்டு இந்த வீட்டுக்குள் இல்லை. தனிக் கட்டடமாக வெளியே இருக்கிறது. வீட்டின் வடபுறம் பிரெஞ்சு முறையில் கோடு கிழித்தாற்போல் வகுத்த தோட்டம், பளிங்குச் சிலைகள். தென்புறம் வெட்டி உண்டாக்கிய பெருங்குளம், அதற்கு அப்பால் நேர்க்கோட்டில் செல்லும் கால்வாய். அந்தக் கோட்டை நீட்டினால் அண்டை ஊரான வெஷ்னியாக்கியின் தேவாலயத்தில் போய் முடியும். அந்தத் தேவாலயம் எஸ்டேட்டுக்கு முந்தையது. அதையே தொலைவில் தெரியும் காட்சியாக வைத்து நிலத்தை வகுத்திருக்கிறார்கள். குளத்தில் படகுகள் ஓட்டி விளையாட்டுப் போர்க்காட்சிகளும் நடத்தப்பட்டன.

தோட்டத்தில் சிதறிக் கிடக்கும் மண்டபங்கள்தான் என் மனத்துக்கு அரண்மனையைவிட நெருக்கமானவை. செங்கல் முகப்பும் படிப்படியாக உயரும் முகடும் கொண்ட டச்சு வீடு 1749இல் எழுந்தது. உள்ளே சுவரெல்லாம் நீலவண்ணச் சித்திர ஓடுகள். ஹாலந்தை விரும்பிய மகா பீட்டரின் காலத்துக்கு, அதாவது பியோத்தரின் தந்தை புகழ்பெற்ற காலத்துக்கு, அது செலுத்திய வணக்கம் என்று கருதுவதில் தவறில்லை. 1750களின் நடுவில் இத்தாலிய வீடு. குளக்கரையில் குரோட்டோ என்னும் குகை மண்டபம். அதன் உட்சுவர்களில் சங்கும் சிப்பியும் கண்ணாடித் துண்டும் பதித்து உருவங்கள் அமைத்திருக்கிறார்கள். 1755இல் தொடங்கிய அந்த மண்டபத்தின் அலங்காரம் 1775இல்தான் நிறைவுற்றது. பதினெட்டாம் நூற்றாண்டு ரஷ்யாவில் இத்தகைய குகை மண்டபங்கள் பல இருந்தன. உள்ளலங்காரம் கெடாமல் நம் கைக்கு வந்திருப்பது ஏறக்குறைய இது ஒன்றே. 1760களின் முற்பகுதியில் கட்டிய பெரிய கல் பசுமையகத்தில், இருபுறக் கண்ணாடிச் சிறகுகளில் எலுமிச்சையும் ஆரஞ்சும் மற்ற வெப்பநாட்டுச் செடிகளும் வளர்ந்தன. நடுக்கூடத்தில் நடனமும் இசையும் நடந்தன. 1767இல் முடிந்த ஹெர்மிட்டேஜ் மண்டபத்திலோ மேல்மாடியில் விருந்து. கீழே வேலையாட்கள் உணவு பரிமாறி வைத்த மேசையை இயந்திரத்தால் அப்படியே மேலே ஏற்றுவார்கள். பேச்சைக் கேட்க வேலைக்காரர் யாரும் அருகில் இல்லாமல் பிரபுக்கள் தனித்திருக்கலாம். அந்தப் பொறி இன்று இல்லை. மேசையைச் சுழற்றி ஏற்றிய ஆட்கள் கீழ்த்தளத்தின் இருட்டில் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே அந்த மண்டபத்தைப் பார்க்க வேண்டும்.

கட்டியவர் யார் என்ற கேள்விக்கு ஒரே பெயரைச் சொல்ல முடியாது, சொல்பவர்கள் எளிமைப்படுத்துகிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: பெரிய வீட்டின் கட்டுமானத்தை மாஸ்கோவின் கட்டடக் கலைஞர் கார்ல் பிளாங்க் நடத்தினார். அவர் பண்ணையடிமை அல்லர். மாஸ்கோவின் புகழ்பெற்ற அனாதை இல்லத்தின் கட்டுமானத்திலும் பங்கு கொண்டவர். ஹெர்மிட்டேஜ் மண்டபமும் அவருடையதே. ஐயத்துக்குரியது இது: மூல வடிவம் பாரீசின் சார்ல் தெ வாயியிடமிருந்து வந்தது என்ற கூற்று. பாரீசில் ஒதேயோன் நாடக அரங்கை மரி-ஜோசப் பெய்ருடன் சேர்ந்து வடிவமைத்தவர் அவர். கூஸ்கோவோவின் பாணி அவர் காலத்துப் பிரெஞ்சு ரசனையோடு ஒத்துப்போகிறது; பலர் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் பாணியின் ஒற்றுமை ஒருவரின் கையெழுத்து ஆகாது. வெளிநாட்டு வரைபடம் வந்திருந்தாலும், அது கல்லுக்காகச் சிந்தித்த வடிவம். அதை ரஷ்யக் கட்டை வேலைக்கு மாற்றி அமைத்தவர்கள் உள்ளூரார்.

அந்த உள்ளூராரில் பெயர் தெரிந்தவர்கள் இருப்பது நம் நல்லூழ். குரோட்டோவையும் கல் பசுமையகத்தையும் அமைத்தவர் பியோதர் அர்குனோவ். ஷெரெமேத்தெவ் குடும்பத்தின் பண்ணையடிமை. அரண்மனை வேலையில் பிளாங்குக்குத் துணையிருந்தவர்களாக அலெக்சேய் மிரோனோவ், கிரிகோரி திகூஷின் ஆகிய இருவர் குறிப்பிடப்படுகிறார்கள், இவர்களும் அவ்வாறே. அர்குனோவ் குடும்பத்தைச் சேர்ந்த இவான், ரஷ்ய உருவப்பட ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவர். பாவெல் அர்குனோவ் ஒஸ்தான்கினோ அரண்மனையில் கட்டடக் கலைஞராக உழைத்தார். ஆகவே அடிமை கட்டினான் என்று நீங்கள் படித்தது பொய்யன்று. ஆனால் அது ஒரு தனி மேதையின் கதையாக இல்லாமல், பயிற்சி பெற்ற ஒரு பட்டறையின் கதையாக இருக்கிறது. அந்தப் பட்டறையில் இருந்தவர்கள் தாம் வரைந்த கூடத்தில் விருந்தினராக அமர முடியாது. உரிமையாளரின் அனுமதியின்றி அந்த எஸ்டேட்டை விட்டு வேறிடம் வேலைக்குப் போகவும் முடியாது. கட்டடத்தின் அழகைப் புகழும் கையேடுகள் இதை ஓர் அடிக்குறிப்பாக வைத்துவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தரமான தச்சும் அந்த வேகமும் அவ்வளவு குறைந்த செலவும் அந்த உடைமை முறையிலிருந்தே வந்தன.

இதே உண்மை அங்கிருந்த நாடகக்குழுவிலும் தெரிகிறது. ஷெரெமேத்தெவ் குழுவின் நடிகர்களும் பாடகர்களும் பண்ணையடிமைகளே. செடிகளை வெட்டி மேடையின் பக்கத் தட்டிகளாக்கிய திறந்தவெளி அரங்கு ஒன்றும் தோட்டத்தில் இருந்தது. 1787இல் இரண்டாம் கேத்தரின் கூஸ்கோவோவுக்கு வந்தபோது கிரெத்ரி என்ற இசையமைப்பாளரின் ஓர் இசைநாடகம் நடத்தப்பட்டது. அதன் முதன்மைப் பாத்திரத்தில் பாடிய பிரஸ்கோவியா கவல்யோவா, ஜெம்சுகோவா என்ற மேடைப்பெயரால் அறியப்பட்டவர், கொல்லரின் மகள். பேரரசி அவருக்கு மோதிரம் பரிசளித்தார். 1788இல் பியோத்தர் இறந்தபின் மகன் நிக்கலாய் குழுவை ஒஸ்தான்கினோவுக்கு மாற்றினார். 1798இல் பிரஸ்கோவியாவுக்கு விடுதலை அளித்தார். 1801இல் அவரையே மணந்தார். 1803இல் மகனைப் பெற்ற சில வாரங்களில் அவர் இறந்துபோனார். அவர் நினைவோடு பிணைந்த அறச்சாலை மாஸ்கோவில் 1810இல் திறக்கப்பட்டு, இன்று புகழ்பெற்ற அவசர மருத்துவமனையின் பகுதியாக நிற்கிறது. இவையெல்லாம் பதிவானவை. வயலில் மாடு ஓட்டிவந்த பிரஸ்கோவியாவைப் பிரபு முதன்முதலில் கண்டு காதலித்ததாகச் சொல்லும் கதை நாட்டுப்பாடலிலிருந்து பிறந்தது. பிரஸ்கோவியா சிறுமியாக இருந்தபோதே பாட்டுப் பயிற்சிக்காக எஸ்டேட்டின் பெரிய வீட்டுக்குள் கொண்டுவரப்பட்டவர் என்பதால் அந்தக் கதையை வரலாறாகக் கொள்ள முடியாது.

கூஸ்கோவோவை மாஸ்கோவின் வெர்சாய் என்று அழைப்பதைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். தோட்டத்தின் நேர்க்கோடுகளை மட்டும் எண்ணி அப்படிச் சொன்னால் சரி. மற்றபடி அந்த ஒப்பீடு நம்மைத் திசைதிருப்பும். பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனையான வெர்சாய் ஓர் அரசாங்கம் குடியிருந்த இடம். ஆயிரக்கணக்கானோர் ஆண்டு முழுவதும் அங்கே வாழ்ந்தார்கள். கூஸ்கோவோவின் பெரிய வீடு தாழ்வானது, ஒரே பிரதான தளம் கொண்டது, சில மாதங்கள் மட்டும் திறந்திருந்தது. அதைப் பிரெஞ்சுப் பிரபுக்கள் நகருக்கு வெளியே கட்டிக்கொண்ட கேளிக்கை மாளிகைகளோடு ஒப்பிடுவதே பொருத்தம். அவற்றிலிருந்தும் ஒரு விதத்தில் அது வேறுபட்டது: கோடைக்காலத்தின் குறிப்பிட்ட நாட்களில் தோட்டம் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டது, கட்டணமில்லாமல். கூட்டம் அங்கே போய்விடுவதால் தம் வருமானம் குறைகிறது என்று மாஸ்கோவில் நாடக அரங்கு நடத்திய மைக்கேல் மேடாக்ஸ் முறையிட்டதாகக் கூறுகிறார்கள். திருவிழா நாட்களில் வந்தோரின் தொகை என்று சொல்லப்படும் பெரிய எண்களை மட்டும் நான் நம்பத் தயங்குகிறேன். புகழ்ந்து எழுதியவர்களின் எண்கள் அவை.

மகன் ஒஸ்தான்கினோவில் மனம் வைத்தபின் கூஸ்கோவோ பின்தள்ளப்பட்டது. 1812இல் நெப்போலியனின் படை அங்கே தங்கிச் சேதப்படுத்தியது. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபின் அத்தகைய எஸ்டேட்டுகளைத் தாங்கிய பொருளாதாரமே மறைந்தது. இருந்தும் குடும்பம் அதை விற்காமல் 1917ஆம் ஆண்டுப் புரட்சிவரை வைத்திருந்தது. புரட்சிக்குப் பின் அருங்காட்சியகமாயிற்று. 1932இல் பீங்கான் அருங்காட்சியகமும் அங்கே வந்து சேர்ந்தது. இன்று பசுமையகத்தில் பீங்கான் பொருட்களைக் காணலாம். எஸ்டேட்டைச் சுற்றியிருந்த நிலங்கள் நகரமாகிவிட்டன. தோட்டமும் குளமும் மண்டபங்களும் சேர்ந்த நடுப்பகுதி மட்டும் முழுமையாகத் தப்பியிருக்கிறது.

நீங்கள் நேரில் போவதானால் கோடையில், மழையில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் பட்டும் காகிதக் கூழும் மரவிதானமும் கெடாதிருக்க அரண்மனையின் அறைகளை மூடிவைக்கும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. கிளம்புமுன் அருங்காட்சியகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழையுமுன் முகப்பின் சுவர் அருகே சென்று பலகைகளின் இணைப்புக் கோடுகளைத் தேடிப் பாருங்கள். தூரத்தில் கல்லாகத் தெரிந்தது தச்சு வேலை என்பதை உங்கள் முதல் கேள்விக்கான விடையாக அங்கேயே காண்பீர்கள்.